அடுத்த ஜாகா வரும்வரை

2 மார்ச் 2025
புக்கிட் பெலண்டோக், தோட்டத்து வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். என்மேல் தவறு இருந்தால் அதையும் எழுதுவேன். போனில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "சரி, அம்மாகிட்ட குடு" என்கிறீர்கள். தைப்பூசச் சண்டைக்குப் பிறகு அம்மா உங்களிடம் பேச மறுக்கிறார். வீட்டில் இருப்பதோ அம்மாவின் போன் ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை மோகனா அக்காள் தொழிற்சாலை பஸ்ஸில் நீலாய்க்கு வேலைக்கு வரும்போது, நீங்கள் காவல் நிற்கும் கேட்டில் உங்கள் கையில் இதைக் கொடுப்பார். கடிதத்தை யாரும் பாதியில் நிறுத்தி அம்மாவிடம் கொடுக்கச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் விமலா டீச்சர் என்னை நிறுத்தினார். "லோஷினி, ஏன்மா அந்த இடம் வேணாம்னு சொன்னே?" என்று கேட்டார். "எந்த இடம் டீச்சர்?" என்றேன். சிரம்பான் விடுதிப் பள்ளியில் நான்காம் படிவ அறிவியல் வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து உங்களை அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள், "அவளுக்கு இஷ்டமில்ல டீச்சர், வீட்டுலயே இருந்துக்கிறேன்னுட்டா" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்பா, நான் எப்போது அப்படிச் சொன்னேன்? எனக்கு இடம் கிடைத்ததே எனக்குத் தெரியாது. டீச்சர் முன்னால் நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

இங்கே காலை எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன். அம்மா விடியும் முன்பே பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்விடுகிறார். ஆயாக்கொட்டகையை மூடியதிலிருந்து தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுப் போக இடம் கிடையாது. போன வருடம்வரை எனக்கு மதியப் பள்ளி. காலையில் தங்கை ரதியை நான் வைத்திருப்பேன், அம்மா செம்பனைக் காட்டிலிருந்து வந்ததும் நான் ஓடுவேன். இந்த வருடம் காலைப் பள்ளி. தம்பி முகுந்தனைப் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், ரதியை யாரும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. பள்ளி திறந்ததிலிருந்து பாதி நாட்கள் நான் போகவில்லை. போன நாட்களில் பக்கத்து வீட்டு மயிலம்மாள் பெரியம்மாவிடம் அவளை விட்டுவிட்டுப் போனேன். பெரியம்மாவுக்கு முட்டி வலி. இரண்டரை வயது ரதிக்கோ கால் தரையில் நிற்காது.

விமலா டீச்சர் பேசி என் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். ஹரி ராயா விடுமுறை முடிந்ததும் விடுதியில் சேர வேண்டும். நான் போக ஆசைப்படுகிறேன். இதை இப்போது முதல் முறையாக உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் முதல் முறையாக இப்போதுதான் ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் நீங்கள் இல்லை.

நீங்கள் டீச்சரிடம் சொன்னது பொய். ஏன் சொன்னீர்கள்?

லோஷினி


5.3.2025
நீலாய்

லோஷினி,

மோகனா கேட்டுல எல்லார் முன்னாலயும், "அண்ணே, ஒங்களுக்கு ஷோ காஸ் லெட்டரு"ன்னு சிரிச்சிக்கிட்டே நீட்டுச்சு. படிச்சுப் பாத்தா அது சொன்னது சரிதான், விளக்கம் கேட்டு ஆபீசு அனுப்புற கடுதாசி மாதிரியேதான் இருக்கு. எனக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்தான், பேசற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கோ.

பொய் சொன்னேன்னு எழுதியிருக்க. அப்பனைப் பாத்து. நல்லாருக்கு.

நான் இங்க விசிறிக்கு அடியில படுத்துக் கெடக்கேன்னு நெனைப்பா? முந்தாநாள், கூட வேலை பாக்குற குணாளன் ராத்திரி ஷிப்டுக்கு வரல. காலைல நின்னவன் மறுநாள் காலை வரைக்கும் நின்னேன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ஏன் நின்னேன்? ஒரு ஜாகா இன்னொரு ஜாகா வராம போஸ்ட விட்டுப் போகக் கூடாது. மழை அடிச்சாலும் சரி, வயித்த வலிச்சாலும் சரி, அடுத்த ஆளு வந்து நின்னாத்தான் நாம நகரணும். இந்த வேலையில மொதப் பாடமே அதான். குணாளன் மேல சூப்பர்வைசர்கிட்ட ரிப்போர்ட் பண்ணிட்டேன். பொறுப்பில்லாத பய.

இப்படிக் கால் வீங்க நிக்கிறது யாருக்கு? எனக்கா? வீட்டுக்கு வர்ற நாள்ல நான் உங்கம்மாவுக்குத் தோலோங் பண்றது இல்லையா? தைப்பூசத்தன்னிக்கு அவ கோயிலுக்குப் போனப்ப நாள் முழுக்கப் புள்ளைங்கள ஜாகா பாத்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா? அந்தச் சின்னது, லைட்ட அணைச்சதுக்கு ஊரக் கூட்டிருச்சு. என்னா பிடிவாதம். "என்னாடி வளத்து வச்சிருக்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்குத்தான உங்கம்மா அன்னிக்கு அந்த ஆட்டம் ஆடுனா?

நீ மூத்தவ. படிக்க வேணாம்னு நான் சொல்லல. இருக்கிற ஸ்கூல்லயே படி. டாக்டருங்க எல்லாம் விடுதியிலயா மொளச்சாங்க? வீட்டுல ஒரு ஆளு வேணும்லா. அதனாலதான் டீச்சர்கிட்ட அப்படிச் சொன்னேன். அதுக்குப் பேரு பொய் இல்ல, முடிவு.

அப்பா


9 மார்ச் 2025
புக்கிட் பெலண்டோக்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "ஜாகா பாத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மலாய் வகுப்பில் அந்தச் சொல்லுக்குப் பார்த்துக்கொள்வது, காவல் காப்பது என்று இரண்டு பொருளும் சொல்லித் தந்தார்கள். நம் தோட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான். ஜாகா என்றால் கேட்டில் நிற்பவர். நீங்கள் அந்தத் தொழிற்சாலையை ஜாகா பார்க்கிறீர்கள், ஏனென்றால் அது உங்களுடையது இல்லை. உடையவர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எங்களையும் அப்படித்தான் பார்த்தீர்களா? அம்மா கோயிலிலிருந்து வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நீலாய்க்குக் கிளம்பிவிட்டீர்கள். அம்மா ஒரு நாளும் "பிள்ளைகளை ஜாகா பார்த்தேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் "தோலோங்" என்கிறீர்கள். அடுத்தவர் வேலையைச் செய்து கொடுத்தால்தான் அது உதவி. முகுந்தனும் ரதியும் என்ன, அம்மா கொண்டுவந்த சீதனமா?

நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னேன். தைப்பூசத்தன்று நானும் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தீர்கள். "லோஷி, இது அழுவுது பாரு", "லோஷி, இது என்னமோ கேக்குது பாரு", "லோஷி, நாத்தம் அடிக்குது பாரு" என்று கூப்பிட்டீர்கள். நான் பார்த்தேன். அறிவியல் புத்தகம் அடுப்பங்கரையில் குப்புறக் கிடந்தது. நீங்கள் செய்தது இரண்டு. முகுந்தனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள், சாயங்காலம் ரதி படுத்ததும் விளக்கை அணைத்தீர்கள்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். ரதி படுக்கப் போகும்போது அவளைத் தூக்கிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அவள்தான் அமுக்குவாள். அமுக்கிவிட்டு, "முடிஞ்சு!" என்பாள். பிறகு தோளிலேயே சாய்ந்துவிடுவாள். அவள் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் முடிகிறது. நீங்கள் எட்டி அணைத்ததும் அவளுடைய நாளை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அது பிடிவாதம் இல்லை அப்பா. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததற்கு அம்மாவைத் திட்டினீர்கள்.

அடுத்த ஆள் வராமல் ஜாகா போஸ்டை விட்டு நகரக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முகுந்தனுக்குக்கூடப் படித்துக் காட்டினேன், அவனுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அம்மாவின் போஸ்டுக்கு அடுத்த ஆள் யார்? நான் பிறந்ததிலிருந்து அவர் ஒரே ஷிப்டில் நிற்கிறார். அவர் யாரிடம் ரிப்போர்ட் பண்ணுவது? இப்போது என்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டு அதற்கு "முடிவு" என்று பெயர் வைக்கிறீர்கள்.

நீலாய் தூரம், தினமும் வர முடியாது என்பீர்கள். மோகனா அக்காள் தினமும் போய்த் தினமும் வருகிறார். அதே பஸ், அதே தொழிற்சாலை. அவர் வீட்டில் அவருக்காக இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதால் வருகிறார். உங்களுக்காகவும் இங்கே காத்திருந்தார்கள். இப்போது காத்திருப்பதை விட்டுவிட்டார்கள்.

நான் எழுதுவதை அம்மா பார்த்தார். "ஒங்கப்பனுக்கா? எழுது, எழுது. நான் செத்துப் போனா சேதி சொல்ல வேணாம்னும் சேத்து எழுது" என்றார். சேர்த்துவிட்டேன்.

லோஷினி


12.3.2025
நீலாய்

லோஷினி,

இந்த மாதிரிக் கடிதம் இனிமே எனக்கு வேணாம். போஸ்டுல ஒக்காந்து படிச்சேன். வெளிய லோரி ஹார்ன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு, கேட்டத் தொறக்கணும்னே எனக்குத் தோணல. சூப்பர்வைசர் வந்து கேக்குறான், "அங்கிள், என்ன, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"ன்னு.

சீதனமான்னு கேக்குற. யாரு சொல்லிக் குடுத்த பேச்சு?

உண்மைய எழுதறேன்னு சொன்னேல்ல, என் பக்கத்து உண்மையும் எழுதிக்கோ. நீ பொறந்தப்ப உனக்கு மொத மொதல்ல நேப்பி கட்டினது நான்தான். உங்கம்மா பாத்துட்டு, அவ தங்கச்சிங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினா. "இங்க வந்து பாருங்கடி, புள்ளைக்கு முண்டாசு கட்டி வச்சிருக்காரு"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. அன்னிக்கு எடுத்த கைதான். அதுக்கப்புறம் சோறு ஊட்டினா சூடு, குளிப்பாட்டினா சளி, சட்டை போட்டா பின்பக்கம் முன்னால. நான் என்னதான் பண்றது? கேட்டு எனக்குத் தெரியும். இங்க என்னைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க.

எங்கப்பா என்னைத் தூக்கினதா எனக்கு ஞாபகமே இல்ல. நான் அவ்வளவு மோசமில்ல. நீயே சொல்லு, நான் அவ்வளவு மோசமா?

குணாளன் சண்டைக்கு வந்தான். நான் ரிப்போர்ட் பண்ணது தெரிஞ்சிருச்சு. அவன் பொண்டாட்டிக்கும் ஷிப்டு வேலையாம், அன்னிக்கு அது வீட்டுக்கு வர லேட்டாயிருச்சாம், புள்ளைக்குக் காய்ச்சலாம். "காய்ச்சல்ல கெடக்குற புள்ளைய ஒத்தையா விட்டுட்டு ஒங்க கேட்டப் பாக்க வரவாண்ணே? அங்கயும் அடுத்த ஆளு வந்தாத்தானே நான் நகர முடியும்?"ங்கிறான். நீயும் அவனும் பேசி வச்சிக்கிட்டீங்களா?

விடுதிப் பேச்ச இத்தோட விடு.

அப்பா


15 மார்ச் 2025
புக்கிட் பெலண்டோக்

அப்பாவுக்கு,

இனி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதியே ஆக வேண்டும். அம்மா உங்களிடம் இதைச் சொல்ல மாட்டார்.

வியாழக்கிழமை கணிதச் சோதனை. நான் ரதியை மயிலம்மாள் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பெரியம்மா மருந்து சாப்பிட்டுக் கண் அசந்துவிட்டார். ரதி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் வீட்டுக்கு முன்னால் இருக்கும் லோங்காங் சாக்கடையில் விழுந்துவிட்டாள். தண்ணீர் இல்லை, அதனால் இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடிகிறது. சிமெண்ட் விளிம்பில் நெற்றி பிளந்துவிட்டது. உரம் போட வந்த வங்காளதேச அண்ணன் ஒருவர் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். வேலை வாங்கும் மண்டோர் தன் காரில் லுக்குட் கிளினிக்குக் கொண்டுபோனார். தையல் போட்டிருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டைத் தொட்டுத் தொட்டு, "ரதி டமால்" என்று எல்லோரிடமும் சொல்கிறாள்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மாவின் சட்டை முழுக்க ரத்தம். என்னைப் பார்த்ததும், "நீ இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகாம இருந்திருந்தா இது நடந்திருக்குமாடி?" என்றார்.

அப்பா, அம்மா என்னைத்தான் கேட்டார். உங்களை இல்லை. உங்களைக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இங்கே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கம்கூட அவருக்கு விட்டுப் போய்விட்டது. நான் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, "ரதிக்கு நானா அம்மா? ரதிக்கு நானா அப்பா?" என்று கத்தினேன். லயத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா என்னை அறைந்தார். பிறகு படியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "போ, சோறு இருக்கு, சாப்பிடு" என்றார். நான் சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவும் சாப்பிடவில்லை. இன்னும் பேசவில்லை.

நீங்கள் மோசமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். யாரைவிட என்று கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. தாத்தாவை நான் பார்த்ததில்லை. அம்மாவைத்தான் பார்த்திருக்கிறேன். அவரோடு ஒப்பிட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நேப்பி விஷயத்துக்கு அம்மா சிரித்தது தவறுதான். எழுதிக்கொண்டேன். ஆனால் எனக்கு இப்போது பதினாறு வயது, அப்பா. ஒரு நேப்பிக்குப் பதினாறு வருடக் கோபமா?

விமலா டீச்சரிடம் விடுதிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரதியை யார் பார்ப்பது என்பதை அவளைப் பெற்ற இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

லோஷினி


20.3.2025
நீலாய்

லோஷி,

மோகனா உன் கடிதத்தை ஞாயித்துக்கெழமை பஸ்ஸு இல்லாத நாள்ல, தன் வீட்டுக்காரர்கிட்டக் குடுத்து மோட்டார் சைக்கிள்ல அனுப்பியிருக்கு. அது கடிதத்தைப் படிச்சுதோ என்னமோ. நான் அப்படியே போட்டிருந்த யூனிபோர்மோட அந்த மோட்டார்லயே ஏறி வந்தேன். அது வரைக்கும் உனக்குத் தெரியும்.

நீ முகுந்தனக் கூட்டிக்கிட்டுக் குழாயடிக்குப் போன பெறகு பேசினது உனக்குத் தெரியாது. உண்மைய எழுதணும்னா இதையும் எழுதணும்.

நான் உங்கம்மாகிட்டச் சொன்னேன், "தனம், இனிமே நான் வந்து ஒனக்கு உதவி பண்றேன்"ன்னு. அவ அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னா, "உதவின்னா நீலாயிலயே இருங்க. உதவி பண்றவங்களுக்கு நான் தேங்ஸ் சொல்லணும். சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

எனக்குக் கோவம் வந்துச்சு. நேப்பி கதைய எடுத்தேன். அவளுக்கு அது ஞாபகம்கூட இல்லன்னு நெனச்சேன். இருந்துச்சு. "சிரிச்சேன். எனக்கும் அப்ப அது மொதப் புள்ளதான். எனக்கு மட்டும் யாரு நேப்பி கட்டச் சொல்லித் தந்தா? ஒங்கம்மா என்னைப் பாத்துச் சிரிக்கலையா? ஒங்களப் பாத்துச் சிரிச்சா நீங்க நீலாய்க்கு ஓடிரலாம். என்னைப் பாத்துச் சிரிச்சா நான் எங்க ஓடுறது?"ன்னா.

நான் வெளிய வந்துட்டேன். ரதி என் பூட்ஸுக்குள்ள கூழாங்கல்லப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நெத்தியில கட்டு. என்னைப் பாத்து, "அங்கிள், டமால்"னுச்சு. அங்கிள்ன்னு சொன்னது என்னைன்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. யூனிபோர்ம்ல இருந்ததால அடையாளம் தெரியலன்னு சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கத்தான முடியும்.

சூப்பர்வைசர்கிட்ட மத்தியான ஷிப்டு கேட்டிருக்கேன். ஓவர்டைம் கெடைக்காது, குவார்ட்டர்ஸையும் விட்டுறணும். பஸ்ஸுல போயிப் பஸ்ஸுலயே வருவேன். உங்கம்மா பெரட்டுக்குப் போறப்ப நான் எழுந்துக்கணும், அவ காட்டுலேருந்து வந்ததும் நான் கெளம்பணும். ராயாவுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருவேன்.

நீ ஒண்ணு பண்ணு. ரதிக்கு என்னென்ன, எப்ப என்ன குடுக்கணும், எது புடிக்கும், எது ஆகாது, எல்லாத்தையும் விவரமா எழுதி வச்சிட்டுப் போ.

அப்பா


23 மார்ச் 2025
புக்கிட் பெலண்டோக்

அப்பாவுக்கு,

எழுதித் தர மாட்டேன்.

இதைக் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபமும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு யாரும் எழுதித் தரவில்லை. எனக்கும் யாரும் எழுதித் தரவில்லை. ரதிக்குக் கஞ்சி எந்தச் சூட்டில் பிடிக்கும் என்று அவள் துப்பித் துப்பி எனக்குச் சொல்லித் தந்தாள். உங்களுக்கும் அவளே சொல்வாள். நான் எழுதி வைத்தால் நீங்கள் நான் எழுதியபடி செய்வீர்கள். தவறு நடந்தால், "லோஷி அப்படித்தான் எழுதி வச்சா" என்பீர்கள். அப்போதும் பொறுப்பு என்னுடையதாகவே இருக்கும். நான் சிரம்பானில் உட்கார்ந்துகொண்டு ரதியைப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

முன்னால் எழுதிய ஒன்றே ஒன்று இருக்கிறது, விளக்கைப் பற்றியது. அது போதும்.

இன்னொன்று. டீச்சரிடம் எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னது நீங்கள். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்பது வேறு. நீங்கள் அவரை அழைத்து, நான் சொல்லாததைச் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் விடுதிக்குப் போவேன், ஆனால் அங்கிருந்து உங்களுக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

அம்மாவும் நானும் பேச ஆரம்பித்துவிட்டோம். மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. என் சீருடைக்கு அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நான், "பாவாடையில மடிப்பு கோணலா இருக்கு" என்றேன். "அப்ப நீயே போட்டுக்கடி, பெரிய எழுத்தாளரு" என்றார். அவ்வளவுதான்.

லோஷினி


16.4.2025
வீட்டிலிருந்து

லோஷி,

விடுதியில போன் வச்சிக்க விட மாட்டாங்கன்னு உங்கம்மா சொன்னா. அதனால திரும்பவும் நான் பேனா புடிக்க வேண்டியதாப் போச்சு. இதைத் தபால்ல போடறேன்.

நீ சொன்னபடி விமலா டீச்சர்கிட்ட நான் பேசினத அவங்க உன்கிட்டச் சொன்னாங்களாம். சரி, அதைப் பத்தி எழுத வேணாம்.

எனக்கு இப்ப இருக்குற கோவத்தை யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் உனக்கு எழுதறேன். நேத்து உங்கம்மா காட்டுலேருந்து வரல. பஸ்ஸு நேரம் ஆச்சு. நான் யூனிபோர்ம் போட்டு, பூட்ஸு மாட்டி, ரதிய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கிறேன். அது என் விசிலப் புடுங்கி ஊதிக்கிட்டே இருக்கு. மோகனா வீட்டு வாசல்ல பஸ்ஸு நின்னு ஹார்ன் அடிச்சான். போகவும் முடியல, புள்ளைய விடவும் முடியல. பஸ்ஸு போயிருச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரங்கழிச்சு உங்கம்மா மெதுவா, ரொம்ப மெதுவா, குழாயடியில காலக் கழுவிக்கிட்டு வர்றா. யாருகூடயோ சிரிச்சுப் பேசிட்டு வர்றா!

நான் கத்தினேன். "ஒரு ஆளு இங்க மாத்தி விடுறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறான்னு தெரியாது? பொறுப்பு வேணாம்?"னு. அவ தலையில கட்டுன சும்பு துணிய அவுத்துக்கிட்டே, "குணாளன ரிப்போர்ட் பண்ணீங்கள்ல? என்னையும் பண்ணுங்க. யாருகிட்டப் பண்ணுவீங்க?"ன்னா.

வேணும்னே லேட்டா வந்தியான்னு கேட்டேன். அவ சோத்தப் போடப் போயிட்டா. நீ என்னா நெனைக்கிற? வேணும்னேதான்லா?

லோரியப் புடிச்சு நீலாய்க்குப் போய்ச் சேர்ந்தேன். நான் வர்ற வரைக்கும் எனக்காக நின்னது யாருன்னு நெனைக்கிற? குணாளன். அவன் தொப்பியக் கழட்டி ஒரு விசிறு விசிறிட்டுப் போயிட்டான். நான் பேசினத அவன் திருப்பிப் பேசியிருந்தா நல்லாருந்திருக்கும். நான் குடுத்த ரிப்போர்ட்டப் போன வாரமே வாபஸ் வாங்கிட்டேன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல.

கஞ்சிய நாலு வாட்டி துப்பிருச்சு. இப்ப சாப்பிடுது. நீ எழுதித் தராத குறைக்கு என் சட்டை ரெண்டு வீணாப் போச்சு.

அப்பா


27 ஏப்ரல் 2025
சிரம்பான், மாணவியர் விடுதி

அப்பாவுக்கு,

ஆரம்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று சொன்னேன். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது பார்த்ததையும் அப்படியே எழுதிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காததையும் சேர்த்து.

வீடு நான் விட்டுப் போன மாதிரி இல்லை. ரதியின் துணிகள் தப்பான பெட்டியில் இருக்கின்றன. முகுந்தனின் தலைமுடியை நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது, பள்ளியில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை எழுத மாட்டேன். அம்மாவும் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டு உள்ளே போய், தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தார். உங்கள் காதில் விழாமல் சிரித்தார். அதைக் கவனித்தீர்களா?

உங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பால் மாவு தீர்ந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்று ஒரு சண்டை. "சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்லா" என்றீர்கள். "சொல்றதும் ஒரு வேலைதான், அதையும் நானே பாக்கணுமா?" என்றார் அம்மா. அது நல்ல கேள்வி. நீங்கள் முறைத்துக்கொண்டு கடைக்குப் போனீர்கள். பால் மாவோடு சவர்க்காரமும் வாங்கி வந்தீர்கள். அதுவும் தீரப் போகிறது என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அம்மா அதை எடுத்து உள்ளே வைத்தார். தேங்ஸ் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா அன்று வேண்டுமென்றே தாமதமாக வந்தாரா என்று கேட்டீர்கள். நானும் கேட்டேன். "வேணும்னு ஒண்ணும் வரல. ஆனா ஓடி வரணும்னு எனக்குத் தோணல. இத்தன வருசத்துல மொத தடவையா நான் ஓடாம நடந்து வந்தேன்டி" என்றார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

இப்போது எனக்குப் பிடிக்காதது. நேற்று உங்களுக்கு ஷிப்டு இல்லை. ராத்திரி ரதி கண்ணைக் கசக்க ஆரம்பித்ததும், நான் எப்போதும்போல அவளைத் தூக்கிக்கொண்டு சுவிட்சுக்குப் போனேன். இந்தக் கைகளால் எத்தனை முறை அவளை அங்கே தூக்கியிருப்பேன்! அவள் கையை நீட்டவில்லை. என் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள். "அக்கா வேணா. அப்பா" என்றாள்.

நீங்கள் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடி வந்தீர்கள். என்னிடமிருந்து அவளை வாங்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டீர்கள். முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, அப்பா. யார்மேல் என்று தெரியவில்லை. நான் கேட்டதுதான் நடந்தது. அடுத்த ஆள் வர வேண்டும் என்று நான்தான் எழுதினேன். அடுத்த ஆள் வந்துவிட்டால் நாம் நகர்ந்துவிட வேண்டும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. நடுக்கூடத்தில் வெறும் கையோடு நின்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "என்னாடி, ஷிப்டு முடிஞ்சும் நிக்கிற? போ, போய்ப் படி" என்றார். அவர் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவரையும் அவள் கூப்பிடவில்லையே.

ரதி அமுக்கினாள். "முடிஞ்சு!" என்றாள். நீங்களும் இருட்டில், "முடிஞ்சு" என்றீர்கள்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. டீச்சரிடம் பேசியதற்காக அது போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. ரதிக்குத் தெரிகிற அப்பா எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. ஆனால் இனி ஒன்றை மட்டும் எழுத மாட்டேன். நீங்கள் ஜாகா பார்த்ததாக எழுத மாட்டேன்.

முகுந்தனை அடுத்த முறை முடிவெட்டுக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். வார்டன் கடைசி அறைக்கு வந்துவிட்டார், சுவிட்சு கதவுக்கு வெளியே இருக்கிறது, அதை அமுக்க இங்கே யாரையும் யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கடைசி வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

லோஷினி